பூனைக்கும் கணக்கு உண்டு

முழு ஆண்டு விடுமுறை விட்டதும் நம் பக்கத்து வீடுகளில் ஒரு கோரிக்கை எழும். சென்னையிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்து இறங்கும் பேரப்பிள்ளைகள், "தாத்தா, எனக்கு ஒரு கிளி வேணும்", "எனக்கு முயல் வேணும்", "கலர் கோழிக்குஞ்சு வேணும்" என்று ஆரம்பிப்பார்கள். கேட்ட அன்றைக்கே பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிடும் தாத்தாக்கள் நம்மில் நிறையப் பேர். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கிளியும் முயலும் என்ன ஆகின்றன என்பதைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காட்டூர், தத்தைமஞ்சி போன்ற வயல்காட்டு ஊர்கள் தொடங்கி, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள் வரை முதலில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் ஊசி, மருந்துப் பெட்டியோடு சுற்றியவன். மாட்டுக்குக் கோமாரி, ஆட்டுக்குத் துள்ளுமாரி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்று தடுப்பூசி போட்டே காலம் போனது. இந்த வேலையில் ஒன்று நன்றாகப் புரிந்தது. வீட்டில் இருக்கும் பிராணி எப்படி இருக்கிறது என்று பார்த்தால், அந்த வீட்டுப் பிள்ளை எப்படி வளர்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நம் முஸ்லிம் வீடுகளில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "நாய், பூனை எல்லாம் நமக்கு எதுக்கு? தொழுற வீடு, நஜீஸ் ஆகும்" என்று சொல்லி எல்லாவற்றையும் வாசலோடு விரட்டிவிடும். இன்னொரு கட்சி, "பூனை வளர்க்கிறது சுன்னத்து" என்று சொல்லி, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பாரசீகப் பூனை வாங்கி, அதைக் கைப்பேசியில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பும். என் பார்வையில் இரண்டு கட்சியும் விஷயத்தைப் பாதியில் விட்டுவிடுகின்றன. வளர்க்கலாமா கூடாதா என்பது சின்னக் கேள்வி. வளர்க்கும் உயிருக்கு யார் பொறுப்பு என்பதுதான் பெரிய கேள்வி. மார்க்கம் நம்மிடம் கேட்பது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

பூனையைப் பட்டினி போட்ட பெண்ணின் கதையை நாம் எல்லோரும் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் அது. ஒரு பூனையின் காரணமாக ஒரு பெண் நரகத்துக்குப் போனாள் என்பதோடு பெரும்பாலும் உஸ்தாத் நிறுத்திவிடுவார். அதில் சொல்லப்படும் காரணத்தைக் கவனித்துப் பாருங்கள். அவள் பூனையை அடித்தாள் என்று அதில் இல்லை. கட்டி வைத்தாள், தானும் தீனி போடவில்லை, அதுவே வெளியே போய்ப் பூச்சி புழுவைத் தின்று பிழைக்கவும் விடவில்லை என்பதுதான் குற்றம். தெருவில் திரியும் பூனைக்கு மீன் ஏலம் விடும் கரை இருக்கிறது, நாலு வீட்டுக் குப்பை இருக்கிறது, எலி இருக்கிறது. வீட்டுக்குள் பூட்டிய பூனைக்கு நம்மை விட்டால் நாதியில்லை. கூண்டுக் கதவைச் சாத்திய நிமிஷமே அதன் ரிஸ்க்குக்கு நாம் பொறுப்பாளி ஆகிவிடுகிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஹதீஸில் உண்டு. தாகத்தில் மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்பது அது. கேட்டுக்கொண்டிருந்த தோழர்கள், மிருகங்களுக்குச் செய்வதற்கும் கூலி உண்டா என்று வியந்தார்கள். உயிருள்ள எதற்குச் செய்தாலும் கூலி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அந்த நாய் அவர் வளர்த்த நாய் அல்ல. வழியில் கண்டது. வளர்க்காத உயிருக்கு உதவினாலே இவ்வளவு என்றால், வளர்க்கும் உயிர் விஷயத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

குழந்தையும் பிராணியும் என்று பேசும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அபூ உமைர் என்ற சிறுவன். நபிகளாரின் பணியாளராக இருந்த அனஸ் (ரலி) அவர்களின் தம்பி. அவனிடம் நுகைர் என்று அழைக்கப்பட்ட ஒரு சின்னக் குருவி இருந்தது. ஒரு நாள் அது செத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்த நபிகளார், பையன் முகம் வாடியிருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார்கள். பிறகு அவன் பெயரோடு குருவியின் பெயர் எதுகை போல ஒலிக்கும்படி, அந்தக் குருவிக்கு என்ன ஆயிற்று என்று அவனையே விசாரித்தார்கள். நாட்டை நிர்வகித்த, படை நடத்திய ஒருவர், ஒரு சிறுவனின் குருவிக்காகத் துக்கம் விசாரித்திருக்கிறார். இந்த ஒரு சின்னச் சம்பவத்திலிருந்து இப்னுல் காஸ் என்ற ஷாஃபி மத்ஹபு அறிஞர் பத்தாம் நூற்றாண்டிலேயே அறுபது பாடங்களை எடுத்துத் தனி ஏடு எழுதியிருக்கிறார்.

நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையின் கோழிக்குஞ்சு செத்தால், "இதுக்குப் போய் அழுவாங்களா? நாளைக்கு வேற வாங்கித் தரேன்" என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளைக்கு இரண்டு தவறான பாடம் போய்விடுகிறது. உயிர் என்பது கடையில் மாற்றி வாங்கக்கூடிய பொருள் என்பது ஒன்று. துக்கப்படுவது வெட்கப்பட வேண்டிய காரியம் என்பது இன்னொன்று. குஞ்சை எடுத்துத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து, அது ஏன் செத்தது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் வீண் இல்லை.

அந்தக் கலர் குஞ்சு ஏன் செத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருவிழாக்களிலும் சந்தையிலும் பச்சை, ரோஜா நிறச் சாயம் பூசி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்கான பொரிப்பகங்களிலிருந்து வருபவை. சேவல் குஞ்சு முட்டை போடாது. அதனால் பண்ணைக்காரருக்கு அது வேண்டாத சரக்கு, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார். தாய்க்கோழியின் அணைப்பில் இருக்க வேண்டிய குஞ்சுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் பல்பு வெளிச்சத்தின் சூடாவது வேண்டும். அட்டைப் பெட்டியில் போட்டு, நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துக் கசக்கினால் எத்தனை நாள் தாங்கும்? பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் நாம் பேரனுக்கு வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு சாவைத்தான்.

சரி, வளர்ப்பவருக்கு மார்க்கம் என்ன கடமை வைத்திருக்கிறது? நம் கரையோர முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அந்த மத்ஹபின் பெரிய அறிஞர்களில் ஒருவர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம். டமாஸ்கஸில் பிறந்து 1262-இல் கெய்ரோவில் மறைந்தவர். மனிதன் மீது கால்நடைகளுக்கு உள்ள உரிமைகள் என்று அவர் தன் நூலில் ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். பிராணிக்கு வேண்டிய தீனிச் செலவைச் செய்ய வேண்டும், அது கிழடாகியோ நோய்ப்பட்டோ எந்தப் பிரயோசனமும் இல்லாமல் போனாலும் செய்ய வேண்டும். தாங்க முடியாத சுமை ஏற்றக்கூடாது. அதைக் காயப்படுத்தக்கூடிய வேறு பிராணியோடு சேர்த்து அடைக்கக்கூடாது. தங்குமிடம் வசதியாக இருக்க வேண்டும். அறுப்பதானால் நல்ல முறையில் அறுக்க வேண்டும். அதன் குட்டியை அதன் கண் முன்னால் அறுக்கக்கூடாது.

எழுநூற்று அறுபது வருடத்துக்கு முன்னால் எழுதியது இது. நான் வேலையில் சேர்ந்தபோது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த கால்நடை நலப் பாடத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. நம் நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல்தான் வந்தது. சொந்தப் பிராணிக்குப் போதிய தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காமல் இருப்பதும், தக்க காரணமின்றி அதைக் கைவிடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அந்தத் தொகை இன்றுவரை மாறவில்லை. சட்டத்துக்குப் பயந்து யாரும் பிராணியை ஒழுங்காக வளர்க்கப் போவதில்லை. மனதில் இருந்தால்தான் உண்டு. மனதில் விதைக்க வேண்டிய வயது பத்துக்குள்.

இங்கேதான் நம்மைப் போன்ற பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. பருவம் அடையாத பிள்ளைக்கு மார்க்கத்தில் கேள்வி கணக்கு இல்லை. தொழுகைக்கும் நோன்புக்கும் பழக்கப்படுத்துகிறோமே தவிர, விட்டால் அதன் மேல் பாவம் எழுதப்படுவதில்லை. அப்படியானால் எட்டு வயதுப் பேரன் தீனி போட மறந்த முயலின் கணக்கு யார் ஏட்டில் எழுதப்படும்? பேரன் ஏட்டில் இல்லை. வாங்கிக் கொடுத்த தாத்தா ஏட்டில், வீட்டை ஆளும் அப்பா அம்மா ஏட்டில். "முயல் அவனோடது, அவன்தான் பார்த்துக்கணும்" என்று சொல்லிக் கைகழுவுவது செல்லாது. பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாம், வேலையைப் பகிரலாம். பொறுப்பை அதன் தலையில் கட்டிவிட முடியாது. இதை முடிவு செய்துகொண்டு கடைக்குப் போனால் பாதிப் பேர் வழியிலேயே திரும்பி வந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தொடாமல் போனால் கட்டுரை நேர்மையாக இருக்காது. ஷாஃபி மத்ஹபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். காவலுக்கும், ஆடு மாடு மேய்க்கவும், வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானது என்றே கருத்து. சுத்தம் பற்றிய சட்டம் அவரவர் மத்ஹபுப்படி இருக்கட்டும். அந்தச் சட்டம் நம் பாத்திரத்தைக் கழுவச் சொல்கிறது. நாயைக் கல்லால் அடிக்கச் சொல்லவில்லை. "நஜீஸ்" என்ற ஒரு சொல்லைக் காதில் போட்டுவிட்டு, மீதியைச் சொல்லாமல் விட்டால், பிள்ளை தெருநாயைக் கண்டதும் கல்லை எடுக்கிறது. குகைத் தோழர்களோடு வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்த நாயைக் குர்ஆனே குறிப்பிடுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் கஹ்ஃபு சூரா ஓதும் வீட்டில் அதையும் பிள்ளைக்குச் சொல்லலாமே.

அதே சமயம் தெருநாய் ஆபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கல்லெறியாத பிள்ளைக்குக் கடி வாங்கும் வாய்ப்பே குறைவு. தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் இந்த மூன்றின் பக்கம் போகக்கூடாது, நாயைக் கண்டு ஓடக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். கடித்துவிட்டாலோ பிறாண்டினாலோ மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியை எல்லாத் தவணையும் விடாமல் போட வேண்டும். அங்கே இலவசம். அடித்து விடுவார்கள் என்று பயந்து கடிபட்டதையே மறைக்கும் பிள்ளைகள் உண்டு. பயமில்லாமல் வந்து சொல்லும் பிள்ளையாக வளர்ப்பது இதற்கும் உதவும்.

அடுத்தது பக்ரீத் ஆடு. இதுதான் பல வீடுகளில் பேசாமல் ஒதுக்கிவைக்கும் விஷயம். மூன்று மாதமாகத் தழை ஒடித்துப் போட்டு, பெயர் வைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிய ஆட்டைப் பெருநாள் காலையில் காணோம் என்றால் பிள்ளை என்ன நினைக்கும்? ஒரு வீட்டில் நான் பார்த்தது: "ஆடு அவங்க அம்மாகிட்ட போயிடுச்சு" என்று பொய் சொன்னார்கள். மதியம் பிரியாணி வந்ததும் பத்து வயதுப் பெண்ணுக்குப் புரிந்துபோயிற்று. அவள் அழுதது ஆட்டுக்காக மட்டும் இல்லை, தன்னை ஏமாற்றியதற்காகவும்தான்.

என் கருத்து இது. குர்பானிக்கு என்று ஆடு வளர்த்தால், ஆடு வந்த முதல் நாளே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இப்ராஹீம் நபியின் வரலாற்றில் பிரியமானதைக் கொடுப்பதுதானே தியாகம்? பிரியமே இல்லாமல் கொடுப்பதில் என்ன தியாகம் இருக்கிறது? அதனால் பிள்ளை ஆட்டை நேசிப்பதைத் தடுக்க வேண்டாம். கண் தெரியாதது, நொண்டி, நோயாளி, எலும்பும் தோலுமானது குர்பானிக்குச் சேராது என்று சட்டம் இருக்கிறது. நன்றாகப் பராமரித்த ஆட்டைத்தான் கொடுக்கவே முடியும். குடற்புழு மருந்து கொடுப்பதும், மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி போடுவதும், ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடுவதும் அந்த வணக்கத்தின் பகுதிதான் என்று பிள்ளைக்குச் சொல்லலாம்.

அறுக்கும் நாளிலும் சில ஒழுங்கு உண்டு. கத்தியைக் கூராக்க வேண்டும், ஆனால் ஆட்டின் கண் முன்னால் தீட்டக்கூடாது. ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுக்கக்கூடாது. கால் கட்டித் தரையில் இழுத்துப் போகக்கூடாது. தண்ணீர் காட்டிவிட்டுக் கொண்டுபோக வேண்டும். பெருநாள் அவசரத்தில் ஒரே இடத்தில் பத்து ஆட்டை நிறுத்தி வரிசையாக அறுப்பதைப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துச் சிரிப்பதை இப்போது பார்க்கிறேன். இது வணக்கம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னோமா? பார்க்க விரும்பாத பிள்ளையை, "ஆம்பளப் பிள்ளை இல்லையா நீ" என்று கையைப் பிடித்து இழுப்பதும் தவறு. பார்க்கும் பிள்ளை பணிவோடு பார்க்கட்டும். விரும்பாத பிள்ளை வீட்டுக்குள் இருக்கட்டும். அதன் ஈமானுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இனி, வளர்க்கவே கூடாதவை. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது. பணம் சேரும் என்று வீட்டில் வைக்கும் நட்சத்திர ஆமைக்கும் அதே சட்டம். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலியக் குருவி இனம், கூண்டிலேயே பல தலைமுறை பிறந்து வளர்ந்தவை. அதை வைத்துக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மனம் மாறித் திறந்து விட்டால் இங்கே பிழைக்கத் தெரியாமல் காக்கைக்கு இரையாகும். வாங்கினால் அதன் கடைசி நாள் வரை நம் பொறுப்பு.

குஞ்சுகளை எடுத்துக்கொண்டு வந்த தோழர்களிடம், இந்தத் தாய்ப்பறவையைத் தவிக்கவிட்டது யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள் நபிகளார் என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. நம் ஏரிக்கரைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. பழவேற்காடு ஏரியின் நம் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். மழைக்காலம் முடிந்தால் பூநாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும் இடம். அறுந்த வலைத் துண்டில் கால் சிக்கிய பறவையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். விளையாட்டுக்கு வீட்டுக்குத் தூக்கி வராமல், பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு வலையை அறுத்து விடுவித்து, காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

கடற்கரைப் பக்கம் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிட வரும். பெயரிலேயே மாதத்தை வைத்தவர்கள் நம் மீனவர்கள். ஏழெட்டு வாரத்தில் குஞ்சு பொரிந்து, கடலில் தெரியும் மெல்லிய வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். நம் தெருவிளக்கைப் பார்த்து ஏமாந்து ஊர்ப்பக்கம் வந்துவிடும் குஞ்சுகளை வாளியில் போட்டு வளர்க்க நினைக்கும் பிள்ளைகள் உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் அந்தக் குஞ்சுக்கு வாளி சிறை. அதைக் கடலோரம் கொண்டுபோய் மணலில் விட்டு, தானே நடந்து அலையில் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுக நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு குஞ்சு கடலில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பெரியவனாகி வலை இழுக்கும்போது வலையில் ஏறிய ஆமையை எடுத்துக் கடலில் விடும் என்று நான் நம்புகிறேன்.

"மனுஷனுக்கே சோறு இல்லாத ஊர்ல, நாய்க்கும் பூனைக்கும் பரிதாபமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். முகத்துவாரம் மணல் மூடி மீன் குறைந்த வருடங்களையும், புயலில் படகும் வலையும் போன குடும்பங்களையும் அறிந்தவன் நான். ஆனால் நான் கண்டவரை, ஏழை வீடுகளில்தான் கால்நடை நன்றாக இருந்தது. 2011-இல் அரசு விலையில்லா ஆடுகள் கொடுக்கத் தொடங்கியபோது, குடிசைக்குள்ளேயே ஒரு மூலையில் ஆட்டுக்கு இடம் ஒதுக்கி, மழையில் நனையாமல் காத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது பரிதாபம் இல்லை, பிழைப்பு. அந்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிராணியை விளையாட்டுப் பொருளாகப் பார்க்கும் பழக்கம், அதைத் தேவையில்லாமல் வாங்க முடிந்த நம்மைப் போன்ற வீடுகளில்தான் வருகிறது.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. கன்றை இழந்த பசு மணியடித்து நியாயம் கேட்டது, மகனைத் தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்ற கதையை நாம் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழு எழுதிய ஒரு கதையில், பிராணிகள் எல்லாம் ஒன்று கூடி ஜின்களின் அரசனிடம் மனிதர்கள் மேல் வழக்குத் தொடுக்கும். திருவாரூரிலும் பஸராவிலும் வாயில்லா ஜீவன் நீதிமன்றம் ஏறுகிறது. இஸ்தான்புல்லில் பழைய பள்ளிவாசல்களின் சுவரிலேயே குருவிகளுக்கு மாடி வைத்த சின்ன மாளிகைகள் கட்டியிருப்பார்கள். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஹவுள் பக்கத்தில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைக்க எவ்வளவு செலவாகும்? அதை நிரப்பும் வேலையை மதரஸாப் பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுக்கலாம்.

வரும் விடுமுறைக்கு என்ன செய்யலாம் என்று நான் நினைப்பதைச் சொல்லி முடிக்கிறேன். பிள்ளை பிராணி கேட்டால் முதல் மாதம் எதையும் வாங்க வேண்டாம். தெருவில் வரும் பூனைக்கு ஒரு தட்டு, குருவிக்கும் காக்கைக்கும் மாடியில் ஒரு சட்டித் தண்ணீர், இவ்வளவு போதும். தினமும் காலையில் சட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றும் வேலை பிள்ளையுடையது. வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது, தண்ணீரும் மீனும் போதும் என்று சொல்லிக் கொடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை தண்ணீர் வைக்கலாம். பத்து வயதுப் பிள்ளை கூண்டு கழுவலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளை தடுப்பூசி நாளை நாள்காட்டியில் குறித்து ஆஸ்பத்திரிக்கு உடன் வரலாம். ஒரு மாதம் இது தொடர்ந்தால், பள்ளி திறந்த பிறகும் அந்த உயிரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெரியவர் ஒப்புக்கொண்டால், பிறகு வாங்குவது பற்றிப் பேசலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நாம் என்ன செய்கிறோம் என்பதுதான். அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்த தண்ணீரைக் குடிக்க ஒரு பூனை வந்தது. அவர் பாத்திரத்தை அதற்கு வசதியாகச் சாய்த்துப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்த மருமகள் ஆச்சரியப்பட்டார். பூனை அசுத்தமில்லை, உங்களைச் சுற்றி வளைய வருபவை அவை என்று நபிகளார் சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார். முதலில் பாத்திரம் சாய்ந்தது, விளக்கம் பிறகுதான் வந்தது. மார்க்கெட்டில் மீன் வாங்கித் திரும்பும்போது காலைச் சுற்றும் பூனையை எத்தும் தாத்தா, வீட்டுக்கு வந்து பேரனுக்கு எத்தனை ஹதீஸ் சொன்னாலும் அவன் காதில் ஏறப்போவதில்லை. எத்தாமல் ஒரு மீன் தலையைப் போட்டுவிட்டு நடப்பவரிடமிருந்து, அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும், அவன் கற்றுக்கொள்வான்.